மோட்டாருக்கு ஊட்டிய பொங்கல்

தீபாவளி வந்தால் வீரம்மாளுக்கு எண்ணெய்ச் சட்டி. பெரும் பொங்கல் வந்தால் அடுப்புப் புகை. மாட்டுப் பொங்கலோ மாடுகளுடையது. காணும் பொங்கல் ஒன்றுதான் அவளுக்கென்று மிச்சமிருந்த திருநாள். அந்த ஒரு நாளில் கை வைத்தால் அவள் விடுவாளா?

அன்று காலைப் பனியில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாக மயிலம் மலையடிவாரத்துக்கு நடப்பார்கள். கிழவிகளும் குழந்தைகளும் மாட்டுவண்டியில். எல்லாருக்கும் முன்னால் வீரம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. மலையடியில் அவளுடைய அக்கா கெங்கம்மாள் காத்திருப்பாள். பிரம்மதேசத்தில் வாழ்க்கைப்பட்டவள். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சளைக் கல்லில் இழைத்து, தங்கையின் நெற்றியிலும் கன்னத்திலும் பூசிவிடுவாள். அம்மா போன பிறகு வீரம்மாளுக்குத் தாய்வீடு என்று இருந்தது அந்த மஞ்சள்தான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஏரிக்கரையில்தான் அவள் கொழுந்தன் அப்பாதுரை மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டான். திண்டிவனத்தில் மல்லாட்டைத் தரகு, அதாவது வேர்க்கடலைத் தரகு செய்தவன். ஐம்பத்தெட்டாம் வருஷம் யாரோ ஓட்டிக் கழித்த வண்டியை வாங்கிவந்தான். சத்தம் முதலில் வரும், புகை அடுத்து வரும், அப்பாதுரை கடைசியில் வருவான். முதல் காணும் பொங்கலன்றே கரைமேல் அதை முடுக்கிக்கொண்டு வந்ததில் பச்சைமுத்துவின் காளைகள் மிரண்டன. பச்சைமுத்து வேறு யாருமில்லை, வீரம்மாளின் புருஷன். வண்டி சாய்ந்து, புளிச்சோற்றுக் கூடை நேராக ஏரிக்குள் போய் விழுந்தது.

"ஏரி மீனெல்லாம் புளிச்சோறு துன்னுது, எம் புள்ளைங்க பட்டினியா நிக்குது! இன்னாடா மோட்டார் இது, பேஜாரு புடிச்ச மோட்டார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மோட்டாரே அடங்கிவிட்டது.

வழக்கு மணியக்காரர் விருத்தாசலத்திடம் போனது. "கரை என்ன பொம்பளைங்களுக்கு மட்டும் பட்டா போட்டதா?" என்றான் அப்பாதுரை. "நடக்கிறவளுக்குக் கால் இருக்கு, கொம்பு இல்ல. முட்ட வர்ற மாட்டத்தான் கட்டணும்" என்றாள் வீரம்மாள். மணியக்காரர் இரண்டு பக்கமும் பகையாகாதபடி ஒரு தீர்ப்புச் சொன்னார். காணும் பொங்கலன்று மோட்டாரும் கரையில் வரலாம். ஆனால் மதகு தாண்டும்வரை ஊமையாக வரவேண்டும். அதாவது தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

அடுத்த வருஷம் அப்பாதுரை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, வியர்த்து விறுவிறுத்து, அந்த இரும்பு எருமையைப் பெண்கள் கூட்டத்தின் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தான். ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மானம் போகிறதே என்று அவனுக்கு. அதற்கடுத்த வருஷம் பாதிக் கரையிலேயே வண்டியை உதைத்துக் கிளப்பி, எல்லார் தலையிலும் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டான். வீரம்மாள் அன்று வாயைத் திறக்கவில்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் ஏதோ நடக்கப்போகிறது என்று பச்சைமுத்துவுக்குத் தெரியும், பாவம்.

மறுவருஷம் மாட்டுப் பொங்கலன்று அப்பாதுரை மோட்டாரை ஏரியில் கழுவி, கைப்பிடி இரண்டுக்கும் கொம்புபோல் சிவப்பும் பச்சையும் அடித்து, ஆவாரம்பூ மாலை போட்டு, மாடுகளின் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அண்ணி, மாட்டுக்கெல்லாம் ஊட்டுறீங்களே, இதுவும் நம்ம ஊட்டு மாடுதான். இதுக்கும் ஒரு கை குடுங்க."

"குடுக்காம இருப்பனா தம்பி?" என்றாள் வீரம்மாள். பொங்கலில் வாழைப்பழத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். முன்னால் விளக்கு இருந்தது, வாய் இல்லை. பின்னால் ஒரு குழாய் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாதுரையை யாரோ கூப்பிட்டார்கள். மாடு ஒரு கவளம் தின்னும். இது எத்தனை கவளம் தின்றது என்பது அவளுக்கும் அந்தக் குழாய்க்கும்தான் தெரியும். கட்டைவிரலால் நன்றாக அழுத்தியும் விட்டாள். வாய் எது என்று தெரியாமல்தான் ஊட்டினாள் என்று பிற்பாடு சாதித்தாள். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

விடிந்தது. பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். அப்போதுதான் கெங்கம்மாள் நிலத்தில் வேலை செய்யும் சவுரிராயன் வந்தான். பக்கத்து ஊரில் மாமியார் வீட்டுக்கு முதல்நாளே வந்தவன்.

"உங்க அக்கா முந்தாநாளு வழுக்கி உழுந்துட்டாங்க. கால்ல கட்டு போட்டுக் கெடக்குறாங்க. மயிலம் வர முடியாது. மஞ்சக் கொத்த கையில புடிச்சிக்கினு, 'வீரம்மா ஏமாந்துடுவாளே, வீரம்மா ஏமாந்துடுவாளே'ன்னு அதையே சொல்லிக்கினு இருக்காங்க."

வீரம்மாள் புளிச்சோற்றுக் கூடையை இறக்கி வைத்தாள். வண்டி கட்டினால் பிரம்மதேசம் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். கூட்டேரிப்பட்டு ரோட்டில் பஸ் எல்லாம் மேலேகூட ஆளை ஏற்றிக்கொண்டு நிற்காமல் போகிறது என்றான் சவுரிராயன். "நீ முன்னால நடத்திக்கினு போ" என்று பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் கூட்டத்தை ஒப்படைத்தாள். அவர்கள் போனதும், மென்று விழுங்கி, கொழுந்தன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி... என்னை அக்காகிட்ட கொண்டுபோய் வுடறியா?"

அவன் கிண்டல் செய்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க அண்ணி, ஜல்தியா போயிடலாம்" என்றான். அதுதான் அவளை இன்னும் குத்தியது.

உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி மறுபடி உதைத்தான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்திச்சி" என்று முணுமுணுத்தபடி வேர்வையில் தொப்பலாக நனைந்து போனான். பக்கத்தில் வீரம்மாள் காலை மாற்றி மாற்றி நின்றாள். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அக்காவின் மஞ்சள் போகும். கடைசியில் ஏரிப்பக்கம் பார்த்துக்கொண்டு, "பின்னால அந்த வாயில பாருப்பா" என்றாள்.

கம்பியை விட்டுக் குடைந்தான். பொங்கல் வந்தது. வாழைப்பழமும் வந்தது. அப்பாதுரை ஒரு முறை குழாயைப் பார்த்தான், ஒரு முறை அண்ணியைப் பார்த்தான்.

"அண்ணி, இதா வாயி?"

"பேசிக்கினு நிக்காத. உதை!"

உதைத்தான். டமார் என்று மிச்சப் பொங்கல் தெறித்து, பின்னால் நின்ற பச்சைமுத்துவின் கோடி வேட்டியில் அப்பியது. அந்த மனுஷன் அதை வழித்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

பிரம்மதேசம் போகவும் அந்த ஏரிக்கரைதான் வழி. கரை ஏறும் இடம் வந்ததும் வீரம்மாள் அவன் தோளில் தட்டினாள். "நிறுத்து. மதகு வரைக்கும் தள்ளிக்கினுதான் வரணும். பேசுனது பேசுனதுதான்."

"மணி ஆவுது அண்ணி!"

"எனக்கு மட்டும் ஆவலையா?" என்று இறங்கி நடந்தாள். பின்னாலிருந்து அவளும் ஒரு கை கொடுத்துத் தள்ளினாள். கரையை அடைத்துக்கொண்டு முன்னால் அவளுடைய படையே போய்க்கொண்டிருந்தது. வேகமாகப் போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளையம்மாள்தான் திரும்பிப் பார்த்தாள். மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வரும் வீரம்மாளைப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். பிறகு அவள் கண்ணைப் பார்த்தாள்.

"அடியே, எல்லாரும் எறங்கி நில்லுங்கடி! வண்டிய ஓரம் கட்டுங்க! மோட்டாருக்கு வழி வுடுங்க, நம்ம வீரம்மா அக்காளப் பாக்கப் போறா!"

கிழவிகள்கூட வண்டியிலிருந்து இறங்கினார்கள். காளைகளின் கண்ணை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டார்கள். கரையின் இரண்டு சரிவிலும் பெண்கள் நிற்க, நடுவில் வழி திறந்தது. "ஏறுடி!" என்றாள் வெள்ளையம்மாள். வீரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினாள். யார் தலையிலும் புழுதி விழாதபடி, அப்பாதுரை நடக்கிற வேகத்துக்கே வண்டியை விட்டான்.

பிரம்மதேசத்தில் கெங்கம்மாள் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தங்கையைக் கண்டதும் கல்லைக் கிட்டே இழுத்தாள். மஞ்சளை இழைத்து, நெற்றியில் பூசினாள், கன்னத்தில் பூசினாள். பூசப் பூச வீரம்மாளின் கண்ணீரில் அது கரைந்து ஓடியது. மறுபடியும் பூசினாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"ஏண்டி, உம்மேல இன்னாடி பொங்கல் தீஞ்ச வாசன அடிக்குது?"

வாசலில் நின்ற அப்பாதுரை பதில் சொல்ல வாயெடுத்தான். வீரம்மாள் மஞ்சள் முகத்தோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள். "வழியில ஒரு மாடு பசியா இருந்திச்சிங்க" என்று கெங்கம்மாளிடம் சொல்லிவிட்டு, அப்பாதுரை வண்டியைத் துடைக்கப் போனான்.