தொண்ணூற்றெட்டாம் நாள்

என் பெயரைப் போட வேண்டாம். ரெங்கம் என்ற ஊருக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். வாசலில் விபத்தில்லாத நாள்களின் எண்ணிக்கையை எழுதும் பலகை உண்டு; விபத்து நடந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். நூறு நாள் ஆனால் எங்கள் பிரிவுக்கு விருந்து.

தொண்ணூற்றெட்டாம் நாள், என் பிரிவில் வேலை செய்யும் பரமேஸ்வரி அக்காவின் விரல் இயந்திரத்தில் நசுங்கியது. காரில் கிளினிக்குக் கூட்டிப்போகும்போது, “வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்கக்கா” என்றேன். அவரும் அப்படியே சொன்னார்.

விரல் பிறகு மடங்கவே இல்லை. இழப்பீடு கேட்டபோது, வீட்டில் நடந்த விபத்து என்று எழுதியிருந்த கிளினிக் சீட்டைக் காட்டி, இழப்பீட்டு அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள்.

“நீங்க சொன்னீங்கன்னுதானே தம்பி சொன்னேன்?” என்றார் அக்கா.

நூறு நாள் ஆனதற்கு நடந்த விருந்தில் நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டிருந்தேன்.

அக்காவின் மேல்முறையீட்டுக்கு உண்மையை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. இப்போதெல்லாம் அடிபட்டவரைக் காரில் ஏற்றியதும், பலகையில் என் கையாலேயே பூஜ்யம் எழுதிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுகிறேன்.