ரெண்டு கோபுரம், ஒரு தென்னை

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். முதல்முறை விமானம் ஏறியபோது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பைலட்டுக்குக் கேட்கட்டும் என்று, “அண்ணாச்சி, இப்பத் திருப்பாதீய!” என்று கத்தியவன் நான்தான்.

கத்தியது என் வாய். காரணம் என் மச்சான்.

கல்யாணமான புதிது. குற்றாலத்தில் சாரல் சீசன். ஐந்தருவியில் குளித்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு முழுசாகப் போகாத தலையும் ஈரத்துண்டுமாக பஜ்ஜிக் கடையில் நின்றோம். மிளகாய் பஜ்ஜி பொரிகிற வாசனை மூக்கில் இன்னும் இருக்கிறது...

மச்சான் என்றால் என் மனைவி செல்வியின் அண்ணன். விமானப்படையில் வேலை, லீவில் வந்திருந்தார். அடுத்த வாரம் நானும் செல்வியும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஃப்ளைட்டில் போகிறோம் என்று அவரிடம் சும்மா பீற்றிக்கொண்டேன். மனுஷன் பஜ்ஜியை ஊதிக்கொண்டே ஆரம்பித்தார்.

“பிளேன் எந்திரிக்குதது பயமில்ல மாப்ளே. எந்திரிச்சதும் பைலட்டு திருப்புதான் பாரு... அங்கனதான் இருக்கு.”

“என்ன இருக்கு?”

“அப்ப வேகமும் கம்மி, உயரமும் கம்மி. அந்த நேரம் சாய்ச்சுத் திருப்புனா தூக்குத சக்தி கொறையும். சுதாரிக்க கீழ இடம் கெடையாது. அதனால நேரா நானூறு அடி ஏறணும். பெறவுதான் திருப்பணும்.”

கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தேன். “நானூறு அடி ஆயிட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நம்ம தென்காசி கோபுரம் நூத்தியெண்பது அடி. ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு கோபுரத்த வையி. உச்சியில ஒரு தென்னைய நடு. அதைத் தாண்டிட்டா திரும்பலாம்.”

எங்கள் ஊரில் உயரம் என்றால் கோபுரக் கணக்குதான். எங்கள் தெரு வக்கீல் கட்டிய வீடு, அவர் சொல்லக் கேட்டால் முக்கால் கோபுரம். நேரில் போய்ப் பார்த்தால் மூன்று மாடி.

அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. ரத வீதியில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, கோபுரத்தின் தலையில் இன்னொரு கோபுரத்தை ஏற்றினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. தென்னை நடும்போது தலை சுற்றியது...

அந்த நாளும் வந்தது. சின்ன விமானம், வெளியே காற்றாடி சுற்றுகிற ரகம். ஜன்னல் வழியாக அளக்கலாம் என்பது திட்டம். விமானத்தின் கதவை மூடினார்கள்; கூடவே என் கண்ணும் மூடிக்கொண்டது. ஜன்னலோரம் செல்வி. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வளையல் ஒன்று உடைந்ததாகப் பிறகு சொன்னாள்.

விமானம் ஓடியது... ஓடியது... சீட்டெல்லாம் அதிர்ந்தது. நான் மனதுக்குள் கோபுரம் அடுக்க ஆரம்பித்தேன். முதல் கோபுரத்தில் பாதிகூட வரவில்லை, சட்டென்று ஒரு திருப்பம்! அப்போதுதான் கத்தினேன்.

“ஏங்க, மானத்த வாங்காதீய. கண்ணைத் தொறங்க” என்றாள் செல்வி.

“தொறக்க மாட்டேன். இன்னும் தென்னையே வரல!”

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். சாகப் போகிற நேரத்தில் சிரிப்பைப் பாரு என்று நினைத்தேன். அடுத்து நடந்ததுதான் கொடுமை. விமானம் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஒரு அசைவும் இல்லை. முடிந்தது கதை என்று குலசாமியைக் கூப்பிட்டேன். திடீரென்று பெரிய இரைச்சல், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, விமானம் நேராக மேலே ஏறியது. என் குரல் பைலட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது! அந்த நிம்மதி இருக்கிறதே...

இலத்தூர் கல்யாணப் பந்தியிலிருந்து பாவூர்சத்திரம் மார்க்கெட் டீக்கடை வரை இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை.

இப்போது ஏன் மறுபடி சொல்கிறேன் என்றால், என் மகள் பைலட் ட்ரெய்னிங்கில் இருக்கிறாள். நாளைக் காலை முதல்முறையாக, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல், தனியாக விமானம் ஓட்டப் போகிறாள். எனக்கு மறுபடியும் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. போன் பண்ணினேன்.

“ஏட்டி, ரெண்டு கோபுரம், ஒரு தென்னை. ஞாபகம் இருக்கா?”

“அப்பா, எங்களுக்கு ஐந்நூறு அடி. ரன்வேயும் தாண்டியிருக்கணும். மலை கிலை பக்கத்துல இருந்தா அதுக்குத் தனி ரூல் உண்டு. எல்லாம் படிச்சாச்சு. நீங்க தூங்குங்க.”

“அப்ப இன்னும் மூணு தென்னை சேர்த்துக்கோ. அவசரப்பட்டுத் திருப்பிராத, என்னம்மா?”

“சரிப்பா.”

அன்றைக்குப் பயம் வந்ததும் கத்த முடிந்தது, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கையும் இருந்தது. நாளைக்கு நான் எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. அவளுக்குப் பக்கத்து சீட்டும் காலி...

இதுவரை டைப் பண்ணிவிட்டு, போஸ்ட் போடும் முன் செல்வியிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு.

“நீங்க கத்துனப்ப பிளேன் தரையிலதான இருந்துச்சு. ரன்வே கடைசி வரைக்கும் ஓடிப்போயி, அங்கன திருப்பி நிப்பாட்டிட்டுத்தான் கெளம்புனாவ. மேல போயி நெசமாத் திரும்புனப்ப நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீய.”