எண்ணிக்கை தவறிய காலை

இப்படி நடுங்குகிறவன் ஏன் ஒவ்வொரு முறையும் ஏறுகிறான்? அந்தப் போர் விமானத்தைக் கவனித்துக்கொண்ட மெக்கானிக்கிற்கு இது கடைசிவரை விளங்கவில்லை. இளம் விமானி கடலுக்கு மேலே எரிந்து விழுந்த பிறகும் விளங்கவில்லை.

சிறு வயதில் மொட்டைமாடிச் சுவரருகே போகவே பயப்படுவான் என்று அவனுடைய அக்கா பிறகு சொன்னாள். அவளிடம் அவன், "எனக்கு ஆபீஸ் வேலைதான்க்கா. ஃபேனுக்குக் கீழ உக்காந்து தூங்குறேன்" என்றே சொல்லிவந்தான்.

இருக்கைப் பட்டையை மாட்ட அவன் விரல்கள் ஒத்துழைக்காது. மெக்கானிக்தான் ஏணியில் நின்று மாட்டிவிடுவார். ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை அது. அதன் பாதுகாப்பு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி அவன் கண்ணெதிரே காட்டுவார். அவன் எண்ணிச் சரிபார்த்த பிறகே ஏணி நகரும்.

பக்கத்து விமானத்துக்காரன் விடமாட்டான். "என்ன மாப்பிள்ளை, சோறும் அண்ணன்தான் ஊட்டணுமா?"

"ஊட்டினா வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

போர் மூண்டது. கிண்டலடித்தவன் ஒருநாள் திரும்பவில்லை.

மறுநாள் காலை இளம் விமானி ஊசிகளை எண்ணும்போது பாதியில் எண்ணிக்கையைத் தவறவிட்டான். முதலிலிருந்து எண்ணினான். மறுபடியும் விட்டான். அதுவரை 'சார்' என்றே அழைத்துவந்த மெக்கானிக் குனிந்து காதருகே சொன்னார்:

"தம்பி, எண்ணெய் கசியுதுன்னு சொல்லிடறேன். இன்னைக்கு இது கிளம்பாது."

"கசியுதாண்ணே?"

"இல்ல."

"சொல்லிடுங்க."

எந்த விமானத்தைப் பற்றியும் அவர் பொய் சொன்னதில்லை. ஊசிகளைத் திரும்பச் செருகினார், பட்டையைக் கழற்றினார். அவன் இறங்கி, இறக்கையின் நிழலில் தலைக்கவசத்தை அணைத்தபடி நின்றான். கால் தரையில் பட்டும் முகத்தின் வெளிறல் மாறவில்லை. அவர் பொறியாளரின் அறையை நோக்கி நடந்தார். பிழைத்தான் பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் ஏணி கிறீச்சிட்டது. திரும்பினார். அவன் மறுபடி இருக்கையில் இருந்தான்.

ஓடிப்போய் ஏறினார். "ஏன் தம்பி? நான்தான் சொல்றேன்னேனே."

அவன் எதிரே ஓடுபாதையையே பார்த்தான். பட்டையை அவர் மாட்டுவதற்குத் தோதாக, நடுங்கும் கைகளை மெல்ல உயர்த்திக்கொண்டான்.