ஐந்தாவது வளைவு

என் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில், சுவரோரமாக ஒரு வளைந்த இரும்புக் குழாய் போன வாரம் வரை சாய்ந்து நின்றது. நாலடி நீளம், நடுவில் சரியாகக் கால்வட்டமாக ஒரு வளைவு, உட்பக்கம் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. வளைத்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலைகளில் நாங்கள் இருவரும் பல வருடம் ஒன்றாக வயரிங் வேலை செய்தோம். அவர் போய் ஆறு வருடமாகிறது. நான் இன்னும் அழவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். நல்ல மனத்தெம்பு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து வேலை பார்த்தது ஓர் அமெரிக்கக் கம்பெனியில். வயர் போகும் குழாய்க்கு அவர்கள் நாட்டு விதியைத்தான் வைத்திருந்தார்கள்: வயரை இழுத்தெடுக்கும் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் நான்கு கால்வட்ட வளைவுக்கு மேல் கூடாது. மேலே போனால் வயர் உள்ளே இறுகிக்கொண்டு வராது. வளைவு கூடினால் நடுவில் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மச்சானுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

புது மெஷினுக்கு, கூரையருகே இருந்த பெட்டியிலிருந்து குழாய் இறக்க வேண்டும். நேராகப் போயிருந்தால் மூன்றே வளைவு. வழியில், ஷிப்ட் ஆட்கள் சுவரில் பலகை அடித்து வைத்திருந்த முருகன் படம் இருந்தது. எலுமிச்சம்பழம், ஊதுவத்தி, காய்ந்த மாலை. மச்சான் ஏணியிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி தலைக்கு மேலயா கரண்டு பைப்பு? வேணாம்லா. கீழ சுத்திப் போயிருவோம்." சுற்றியதில் இரண்டு வளைவு கூடிவிட்டது. நடுவில் வைக்க வேனில் பெட்டி தீர்ந்திருந்தது. மறுநாள் தீபாவளி லீவு. ஏணியிலிருந்து என்னைக் குனிந்து பார்த்து, "வயர் வந்துரும்ல?" என்று கேட்டார். நான் எண்ணி முடித்திருந்தேன். ஐந்து. அக்கா புருஷனுக்கு நான் கணக்குச் சொல்வதா என்று தோன்றியது, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்றும் தோன்றியது.

"வந்துரும் மச்சான்" என்றேன்.

பாதி தூரம் வந்து வயர் நின்றது. சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். நான் கீழே மெஷின் பக்கத்திலிருந்து தள்ள, அவர் ஏணியில் நின்றபடி வயரின் முனையில் கட்டிய இழுவைக் கம்பியைக் கையில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். கம்பி அறுந்தது. அவர் மல்லாக்க விழுந்த சத்தம் பெரிதாகக்கூட இல்லை. மலாக்கா ஆஸ்பத்திரியில் மூன்று நாள்தான் இருந்தார். விசாரித்தவர்களிடம், கம்பி பழசு என்று சொன்னேன். அக்காவிடமும் அதையேதான் சொன்னேன். வளைவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

லீவு முடிந்து, அந்த வேலையை முடிக்க நான்தான் போனேன். ஷிப்ட் ஆட்கள் அதற்குள் சாமியை எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தார்கள். "ரெண்டு ஸ்குரூதாண்ணே. சூடம் காட்டிட்டுக் கழட்டிட்டோம், பத்து நிமிஷம்கூட ஆகல" என்றான் ஒருவன். நான் குழாயை நேராகப் போட்டேன். மூன்று வளைவு. வயர் ஒரே இழுப்பில் வந்தது. பழைய குழாயை வெட்டி எடுத்ததில் ஒரு துண்டை மட்டும் வேனில் போட்டுக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாயா ரும்புட்டிலிருந்து அக்கா வந்திருந்தாள். போகும்போது குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இத எனக்குக் குடுடா, பாவக்கா கொடிக்கு ஊனிக்கிறேன். யாரு வளைச்சது, இவ்ளோ அழகா இருக்கு?"

"மச்சான்தான்."

வளைவின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். "அவரு கை வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றாள். நான் குழாயை வாங்கி அவள் கார் பின்சீட்டில் வைத்தேன். அது எத்தனையாவது வளைவு என்று சொல்லவில்லை.