ஒப்புக்கு ஓடியவள்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜெனரேட்டர் அறையை ஒட்டி எங்கள் சலவைக்கூடம் இருக்கிறது. அங்கே இஸ்திரி போடும் பெரிய உருளை இயந்திரம் ஒன்று உண்டு. ஈரமான படுக்கைவிரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் போய், சூடாக வெளியே வரும். கொடுக்கிற பக்கத்தில் அக்கா நிற்பாள். வாங்குகிற பக்கத்தில் நான். நடுவில் எந்நேரமும் ஆவி. பல நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே வேலை முடிந்துவிடும். விரிப்பு எப்படி வருகிறது என்பதை வைத்தே அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் தெரிந்துகொள்வேன். மனசு சரியில்லாத நாளில் ஓரங்கள் இன்னும் கச்சிதமாக இருக்கும்.

அவள் எனக்கு மட்டும் அக்கா இல்லை. அவளைவிட மூத்த மேற்பார்வையாளருக்கும் அக்காதான். முப்பதைத் தாண்டியவள். ஒல்லி. நடக்கும்போது கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி இருக்கும். ஓடும்போது அது தெரியாது. காலையில் நாங்கள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வரும்போது அவள் ஏற்கெனவே மேட்டுப் பாதையில் ஓடி முடித்து, குளித்து, தலை ஈரத்தோடு நின்றிருப்பாள். நாட்டுக்காகக் கிராஸ் கன்ட்ரி ஓடும் பெண்கள் அணியில் அவள் இருந்தாள். கோடு போட்ட மைதானத்து ஓட்டம் இல்லை அது. புல்வெளி, மேடு, சேறு, ஓடை என்று எது வந்தாலும் அதன் மேலேயே ஓட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு நாட்டில் சர்வதேசப் போட்டி நடக்கும். அவள் போவாள். வருவாள். மறுநாள் உருளைக்கு முன்னால் நிற்பாள். எப்படிப் போயிற்று என்று கேட்டால், "நல்லா சேறு" என்பாள்.

சலவைக்கூடத்து வேன் டிரைவர் வாய் சும்மா இருக்காதவர். "என்னக்கா, ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்துக்குக் கிளம்பியாச்சா?" என்பார்.

"சப்பாணி எங்கேயாவது ஓடுவானா அண்ணே?"

"அதனாலதானே உன்னை வெளிநாட்டுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டுறாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். எனக்கு அந்தப் பட்டப்பெயர் ஏன் வந்தது என்று தெரியாது. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அணியில ஆறு பேர் ஓடுவோம்," என்றாள். "ஆறுல முதல்ல வர்ற நாலு பேர் எத்தனாவதா வந்தாங்கன்னு கூட்டுவாங்க. யாரோட கூட்டல் குறைவோ அந்த நாடு ஜெயிச்சுது."

"மத்த ரெண்டு பேர்?"

"ஓடுவாங்க."

"அவங்க எதுக்கு?"

"வழக்கமா நான் அஞ்சாவதா வருவேன். வேற நாட்டு நாலாவது ஆளுக்கு முன்னாடி நான் வந்துட்டா, அவ ஒரு இடம் பின்னால போவா. அவங்க கூட்டல் ஏறும். என் நம்பரை எங்கேயும் கூட்ட மாட்டாங்க. ஆனா அடுத்தவங்க கூட்டலைக் கெடுத்துவிடலாம்." கண்ணாடிக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஒப்புக்குச் சப்பாணின்னு டிரைவர் சொல்றது சரிதான்."

அன்று பிற்பகல் ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து, கேட்காமலே, அவள் குரல் வந்தது.

"முன்னாடி போற நாலு பேர்ல ஒருத்தி விழுந்தா நான் நாலாவது."

"இதுவரைக்கும் யாராவது விழுந்திருக்காங்களா?"

"இல்ல. யாரும் விழக்கூடாதுன்னுதான் வேண்டிக்குவேன்."

ஒரு விரிப்பு வந்தது. மடித்து அடுக்கினேன். இன்னொன்று வந்தது.

"ஒரே ஒருவாட்டி விழுந்தா தேவலைன்னும் இருக்கும்," என்றாள்.

அடுத்த விரிப்புக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அது ஓரம் பிசகாமல் வந்தது.

அவள் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தாள். அவள் வேலைக்கு வராத ஒரு நாள் மேற்பார்வையாளர் சொல்லி அவளுடைய புதுச் சீருடையைக் கொடுக்கப் போனேன். வெளிப்பக்கம் இரும்புப் படி. மேலே ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி. ஜன்னலோரம் மூன்று ஜோடி ஷூக்கள், ஈரம் உறிஞ்சுவதற்காகப் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருந்தாள். சுவரில் ஒரு படம்கூட இல்லை. கீழே வந்தபோது அண்ணி என்னை உட்காரச் சொன்னாள்.

"ஊர் உலகமெல்லாம் ஓடிட்டு வர்றா தம்பி. ஒரு மாப்பிள்ளை இவ கண்ணுல படலை பாருங்க."

"கண்ணை மண்ணுலயே வெச்சுக்கிட்டு ஓடினா எப்படிப் படும்?" என்றார் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டு அஞ்சாவது அப்படித்தான்."

அக்கா வாசற்படியில் நின்று சிரித்தாள். அண்ணன் சொன்னது விளையாட்டுக்கு என்றாலும் உண்மைதான். சேற்றில் ஓடும்போது அவள் முன்னால் போகிறவளின் குதிகாலைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். எங்கே அந்தக் கால் வழுக்குகிறதோ அங்கே தன் காலை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு என்பாள். சமையலறை மேடையில் அவளுக்கான தட்டு மூடி வைத்திருந்தது. மற்ற தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

அந்த வருஷம் சர்வதேசப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது. தண்ணீர்த் தொட்டிகளைத் தாண்டி இருக்கும் பெரிய புல்வெளியில் கயிறு கட்டிப் பாதை போட்டார்கள். ஓடி முடித்து வருகிறவர்களுக்குப் போர்த்தக் கம்பளி வேண்டும் என்று எங்கள் சலவைக்கூடத்திடம் கேட்டிருந்தார்கள். முந்தின நாள் அக்காவுக்கு விடுப்பு. ஆனாலும் வந்தாள். கம்பளிகளை அவளே மடித்தாள்.

"வீட்ல இருந்து ஓய்வெடுக்கலாமே," என்றேன்.

"வீட்ல என்ன ஓய்வு. இதுல ஒண்ணு நாளைக்கு என் மேலதானே வரும்." கம்பளியைத் தட்டி அடுக்கில் வைத்தாள். "கோச் சொல்லிட்டாரு. இதுதான் கடைசி. அடுத்த வருஷத்துலேர்ந்து காலேஜ் பிள்ளைங்கதான்."

வீட்டிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அண்ணனுக்கு டூட்டி என்றாள். டிவியில் காட்டுவார்களே, அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அண்ணி சொன்னாளாம்.

மறுநாள் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் கம்பளி அடுக்குகளுக்கு நடுவே நான் நின்றேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. துப்பாக்கி வெடித்ததும் நூறு பெண்களுக்கு மேல் ஒரே கூட்டமாய்ப் புல்லின் மேல் கிளம்பினார்கள். பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு தடவைதான் அவர்கள் என் பக்கம் வருவார்கள். மீதி நேரம் வெறும் புல், கயிறு, தூரத்தில் ஒலிபெருக்கி.

முதல் சுற்றில் எங்கள் நாட்டுச் சட்டைகளை எண்ணினேன். அக்கா ஐந்தாவது. தலை குனிந்திருந்தது. அவளுக்குச் சற்றுப் பின்னால் அணியின் ஆறாவது, ஒரு காலேஜ் பெண், வாயைத் திறந்தபடி வந்தாள். இரண்டாவது சுற்றிலும் அதே வரிசை.

கடைசிச் சுற்றில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஓடையைத் தாண்டும் இடத்தில் எங்கள் அணியின் மூன்றாவது பெண் கால் பிசகி விழுந்திருக்கிறாள். முதலுதவிக்காரர்கள் அவளை உடனே புதருக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா அந்த இடத்துக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. ஒற்றை வெள்ளை ஷூ மட்டும் சேற்றில் குத்திட்டு நின்றது. சேற்றில் ஷூ கழன்றுபோவது சகஜம். அக்கா அதைத் தாண்டிக் குதித்து ஓடிவிட்டாள். கோச்சுக்குச் சேதி போனபோது அவர் மேட்டின் மறுபக்கம் இருந்தார். அவர் மூச்சிரைக்க இந்தப் பக்கம் வருவதற்குள் அக்கா கடைசி ஏற்றத்துக்கு வந்துவிட்டாள். அவள் நாலாவது ஆள் ஆகியிருந்தாள். அது அவளுக்குத் தெரியாது.

அந்த ஏற்றத்தில்தான் காலேஜ் பெண்ணுக்குக் கால் மரத்துப்போனது. அவள் நின்று அழ ஆரம்பித்தாள். கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரையுமே போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். அக்கா தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே வந்தாள். அதை நான் கூடாரத்திலிருந்து பார்த்தேன். அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எங்களோடு ஒரு நாள் முழுக்கப் பேசுவதைவிட அதிகமாக அந்த ஏற்றத்தில் பேசினாள் என்று நினைக்கிறேன். அவர்களைத் தாண்டி வேறு வேறு நிறச் சட்டைகள் ஏழெட்டு போயின. அக்கா ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்.

இருவரில் அக்காதான் முடிவுக்கோட்டை முதலில் தாண்டினாள். அடுத்த மூச்சில் அந்தப் பெண். நான் நீட்டிய கம்பளியை அக்கா வாங்கி அவள் மேல் போர்த்தினாள். இன்னொன்றை நீட்டினேன்.

"நல்லா சேறு," என்றாள் என்னிடம். முகம் மலர்ந்திருந்தது.

அப்போது கோச் வந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"உனக்கு யாரும் சொல்லலையா?"

"என்ன சார்?"

"மூணாவது விழுந்துட்டா. நீதான் நாலு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு அடி பலமா?"

"கால் சுளுக்கு. சரியாயிடும்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "உன்னைச் சொல்லி என்ன பண்ண. நான் மேட்டுக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டேன்."

கம்பளிக்குள்ளிருந்து காலேஜ் பெண், "அக்கா, நீங்க போயிருக்கலாமே," என்று விசும்பினாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

முடிவுகள் காட்டும் மின்பலகை ஒளிர்ந்தபோது எங்கள் நாடு நான்காம் இடத்தில் இருந்தது. மூன்றாம் இடத்துக்கும் எங்களுக்கும் ஐந்தே புள்ளி. ஏற்றத்தில் தாண்டிப் போனவர்களைக் கழித்துப் பார்க்க யாருக்கும் படிப்பு வேண்டாம். அணிக்காரர்கள் விழுந்தவளைப் பார்க்கப் போனார்கள். யாரும் அக்காவைத் திட்டவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

அவள் பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். கம்பளி ஒரு தோளிலிருந்து நழுவியிருந்தது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நாலு நம்பர் போட்டு அடியில கூட்டியிருக்காங்க பாத்தியா," என்றாள். "கடைசியில இருக்கிறது என்னுது."

"பாத்தேன்க்கா."

"இருக்கிறதுலேயே பெரிய நம்பர்."

பலகை அணைந்து அடுத்த போட்டியின் பெயர் வரும்வரை அங்கேயே நின்றாள். பிறகு கம்பளியை மடிக்க ஆரம்பித்தாள். சேறு பட்ட பக்கம் உள்ளே போகும்படி, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் அவள் வழக்கம்போல உருளைக்கு முன்னால் நின்றாள். தலை ஈரமாகத்தான் இருந்தது. டிரைவர் வந்தார். வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, "கம்பளியெல்லாம் எண்ணி வாங்கியாச்சா?" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வழக்கம்போலக் கேலி செய்திருந்தாலே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ரொம்ப நேரம் விரிப்புகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நான்தான் கேட்டேன்.

"தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணை விட்டுட்டுப் போயிருப்பீங்களாக்கா?"

"போயிருப்பேன்," என்றாள் உடனே.

இன்னும் இரண்டு விரிப்பு.

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"டிவியில முன்னாடி ஓடினவங்களைத்தான் காட்டினாங்களாம். ராத்திரி சாப்பிடும்போது செய்தி போட்டாங்க. நாலாவது ஆள் வேகத்தைக் குறைச்சதால நம்ம நாட்டுக்கு மெடல் போச்சுன்னு சொன்னாங்க. பேர் சொல்லல. அண்ணி கேட்டா, அது யாருடி அந்தப் புண்ணியவதின்னு."

ஆவி அடர்ந்திருந்தது. அவள் கைகள் மட்டும் தெரிந்தன. விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து நீவிக்கொண்டிருந்தன.

"அதுக்குள்ள அண்ணன் சொல்லிட்டாரு. யாரா இருந்தா என்ன, நல்லவேளை நம்ம வீட்டு அஞ்சாவதை யாரும் எதுவும் சொல்ல முடியாதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

விரிப்பு உருளைக்குள் போயிற்று. நான் இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.