ஒட்டாரின் ஜன்னல் விளக்கு

மீன்குஞ்சுப் பண்ணையின் இயந்திர அறை தூருனின் பொறுப்பில் இருந்தது. மின்சாரம் குறைந்தாலோ நின்றாலோ அங்குள்ள கன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எடுத்துத் தொட்டிப் பம்புகளுக்குக் கொடுக்கும். சீரானதும் பேட்டரியை நிரப்பும்.

அன்று மாலை பனிப்புயலில் ஊர் விளக்குகள் மங்கி அணைந்தன. கன்வெர்ட்டர் உறுமியது, பம்புகள் நிற்கவில்லை. தூருன் ஜன்னல் வழியே பார்த்தாள். கடலில் மூழ்கிப்போன அவள் தம்பி ஒட்டாரின் வீடு விரிகுடாவின் அக்கரையில் பூட்டிக் கிடந்தது. அவன் நினைவாக அவள் ஜன்னலில் வைத்திருந்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஒட்டார், நீயாடா?"

மறுகணம் அவளுக்குப் புரிந்தது. மின்சாரம் நின்றதும், பண்ணையிலிருந்து அந்த வீட்டுக்கு மட்டும் போகும் வெளிக்கம்பியைத் தானாகத் துண்டிக்க வேண்டிய சுவிட்சு துண்டிக்கவில்லை. அவளுடைய கன்வெர்ட்டரிலிருந்துதான் மின்சாரம் வெளியே பாய்கிறது! பாய்ந்துபோய்க் கைநெம்புகோலை இழுத்தாள். அக்கரை இருண்டது.

மின்தடையைச் சரிசெய்யப் போயிருந்த லைன்மேன் ஐவினுக்குப் போன் செய்தாள். "கம்பியத் தொட்டுடாதடா!"

"ஏணி மேல நிக்கிறேன்க்கா. ஊரே இருட்டா கெடக்கு, ஏன் கத்துற?"

செத்த கம்பி என்று அவன் நினைத்ததில் மின்சாரம் ஓடியதை அவள் சொன்னாள். அவன் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒட்டார் வீட்டு வெளக்கு எரிஞ்சுது."

முதலில் தம்பியைக் கூப்பிட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.