அவள் தெரிந்தெடுத்த எழுத்து

யுத்தம் முடிந்த வருடம் கடைக்குப் புதிய கணினி ஒன்று வாங்கினேன். பழையதில் கிடந்ததையெல்லாம் மாற்றித் தர வந்தவர் என் எழுத்துருக்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"என்ன அக்கா இது, குப்பைமேடு மாதிரிக் கிடக்கு. இனி எல்லாம் யூனிகோட் தானே. இதில ஒண்ட மட்டும் தனியாப் பூட்டி வெச்சிருக்கிறீங்க. வருசக்கணக்கா ஒருக்காவும் திறக்கல்ல. அழிச்சிரட்டா?"

"அதில கை வெச்சா எழும்பி வெளிய போங்க" என்றேன்.

பாவம், அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எனக்கு முன்கோபம். அழ வேண்டிய இடத்திலும் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அந்த வருடம் கடைக்கு வந்த தாய்மார் கையில் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. மரண அறிவித்தல் அடிக்க அவர்கள் வரவில்லை, தேடித் தரும்படி கேட்டு நோட்டீஸ் அடிக்க வந்தார்கள். அவர்களையும் நான் சும்மா சும்மா ஏசினேன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கடலோரத்துக் குருக்கள்மடம் ஊரைச் சேர்ந்த ஓர் அக்காவின் நினைவு வரும். அவருக்காகத்தான் அந்த ஒற்றை எழுத்துருவைப் பூட்டி வைத்திருந்தேன்.

என்னுடையது மட்டக்களப்பு நகரில் ஒரு ஒடுங்கிய கடை. கலியாணக் காட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று வடிவமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பேன். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருவை யார் கடையில் போய் வாங்கினார்கள்? கைக்குக் கை, சீடிக்குச் சீடி தாவித்தான் வந்தது. ஒரே எழுத்துரு நான்கு பெயரில் வரும், நான்கு எழுத்துரு ஒரே பெயரில் வரும். எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றினால் கணினி எழும்புவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். எழும்பினாலும் பாதி வேலையில் உறைந்து நிற்கும். அதனால் சுனாமி என்று கடல் ஊருக்குள் வந்த வருடம் ஐப்பசியில், இவற்றை மேய்க்க ஒரு மென்பொருள் தேடினேன்.

ஒன்று, ஒரு மாதத்துக்கு இலவசம் என்று வந்தது, மாதம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டது. இன்னொன்று எந்த எழுத்துருவுக்கும் ஒரே ஆங்கில வாக்கியத்தைத்தான் மாதிரியாகக் காட்டும். ஆங்கில விசைகளில் தமிழை ஏற்றிய எங்கள் எழுத்துருக்களில் அது பேய் பிடித்தவர் பிதற்றுகிற தமிழாக வந்து விழும். மூன்றாவதில் மாதிரிச் சொல்லை நாமே தட்டலாம். எழுத்துருக்களைத் தொகுதிகளாகப் பிரித்து, வேண்டிய தொகுதியைத் திறந்து, வேண்டாததை மூடி வைக்கலாம். அதையே எடுத்தேன். மங்களம், துக்கம், கோயில் என்று பெயர் வைத்தேன். கலியாணக் காட்டின் எழுத்தில் மரண அறிவித்தல் அடித்துக் கொடுத்தால் எங்கள் சனம் முகத்தில் எறிந்துவிட்டுப் போகும். ஆகவே மங்களம் திறந்திருக்கையில் துக்கம் மூடியிருக்கும்.

மார்கழியில் கடல் வந்தது. அதன்பிறகு மங்களத்தைத் திறக்க வேலையே இல்லை.

தை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் குருக்கள்மடத்தில் வீடு கட்டும் மேசன் ஒருவர் நனைந்தபடி கடைக்குள் வந்தார்.

"புள்ள, என்ட மகளை ஞாபகம் இருக்கா? ஆவணியில பெரிய பிள்ளையாகி, சாமத்திய வீட்டுக் காட் அடிக்க என்னோட வந்தவ."

மறக்கக்கூடிய பிள்ளையா அது? ஒரு காட்டுக்காக என் அரை நாளைத் தின்றவள். எந்த எழுத்தில் பெயரைப் போட்டுக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினாள். தடித்த எழுத்து ஒன்றைக் காட்டியபோது, "அக்கா, இது எலெக்சன் நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாள். கடைசியில், பாகற்கொடி சுருள்வது போல வாலெல்லாம் சுருண்டு கிடந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். ஒருவருக்கும் வாசிக்க ஏலாது என்று நான் சினந்தேன். "என்ட பேர் தானே, எனக்கு வாசிக்க ஏலும்" என்றாள். அந்த வாய்க்கு நானும் சிரித்துவிட்டேன்.

"ஆள் கிடைக்கல்ல" என்றார் தகப்பன். "படமும் ஒண்டும் இல்ல. வீடு, ஆல்பம் எல்லாம் கடலோட போயிற்று. படம் எடுத்த ஸ்டூடியோவும் இல்ல. தாய்க்காரி முப்பத்தொண்டாம் நாள் கிரியை செய்ய விடுறா இல்ல. பிள்ளை ஏதோ ஒரு முகாமில இருக்கு எண்டு நாளும் தேடித் திரியிறா."

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். வேறு கடையில் அடித்த நினைவஞ்சலி நோட்டீஸ், நடுவால் கிழிந்திருந்தது.

"இதைக் காட்டினன். 'இது அந்தப் பேரில ஆரோ ஒரு பிள்ளை' எண்டு கிழிச்சுப் போட்டா. அந்தச் சாமத்தியக் காட்டில இருந்த எழுத்தில பேரைப் போட்டுத் தாங்க புள்ள. அதைப் பாத்தா நம்புவா. கிரியை செய்யாட்டி பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் போய்ச் சேராது."

"அண்ணன், அது மங்கள எழுத்து. சனம் என்ன சொல்லும்?"

"மங்களமாத்தானே வளத்தம்" என்றார்.

ஆவணி மாதத்துக் கோப்பைத் திறந்தேன். பெயர் வந்தது, ஆனால் அவள் சிரித்த அந்தத் தடித்த தேர்தல் எழுத்தில் வந்தது. மங்களத்தில் தேடினேன். சுருள் எழுத்து அங்கே இல்லை. காரணம் பிடிபட வெகுநேரம் எடுத்தது. இரண்டு எழுத்துருவுக்கும் உள்ளே ஒரே பெயர். யாரோ ஒன்றை மாற்றி வரைந்துவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். ஐப்பசியில் எழுத்துருக்களைப் பிரிக்கையில் மென்பொருள் ஒரே பெயரில் இரண்டைக் கண்டதும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணனைப் பின்னேரம் தாய்க்காரியோடு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, ஒதுக்கியவை கிடந்த இடத்தைத் தோண்டினேன். சுருள் எழுத்து அங்கே கிடந்தது. திறந்தால், பழுதானது என்று சொல்லி மென்பொருள் அதைத் திரும்ப மூடியது. தடித்ததைக் கழற்றினேன். மற்ற எல்லாத் தொகுதிகளையும் மூடினேன். கணினி நினைவில் சேர்த்து வைத்திருந்த பழைய எழுத்துருத் தகவலைத் துடைத்துவிட்டு மறுபடி எழுப்பினேன். இடையில் கரண்ட் போனது. வந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். ஒருவழியாகத் திரையில் பெயர் சுருண்டு வந்தது. அச்சுக்குக் கொடுத்தால் பிரிண்டர் தன் பங்குக்குத் தடித்ததையே துப்பியது. கெட்ட வார்த்தையால் ஏசினேன். கடைசியில் பெயரை எழுத்தாக அனுப்பாமல் வெறும் கோட்டுச் சித்திரமாக மாற்றி அனுப்பினேன். தாள் சரியாக வந்து விழுந்தது. கையைத் தட்டியேவிட்டேன். அத்தனை சாவுக்கு நடுவில் எனக்கு அப்படியொரு சந்தோசம்.

பின்னேரம் அண்ணனும், பிள்ளையின் தாயான அந்தக் குருக்கள்மடத்து அக்காவும் வந்தார்கள். நிவாரணத்தில் கொடுத்த சேலை அக்காவுக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

"கெதியாக் காட்டுங்க. வாழைச்சேனைப் பக்கம் ஒரு முகாம் இருக்காம், நான் போகணும்" என்றார்.

தாளை நீட்டினேன். படம் வரவேண்டிய இடத்தில் பெயர் மட்டும் இருந்தது. பாராமலே வாங்கினார். பிறகு பார்த்தார். வாசலோரக் கதிரையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். கடைசி எழுத்தின் சுருளில் விரலை வைத்து, அது போன வழியே விரலைக் கொண்டுபோனார்.

"இதைத்தான் கொப்பி முழுக்க எழுதி எழுதிப் பாத்தவ" என்றார். "இந்த வால் மட்டும் அவக்கு வரவே இல்ல."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாளில் இன்னும் என்ன எழுத வேண்டும் என்று குறிக்க நான் பேனையை எடுத்தேன்.

அக்கா தலையை நிமிர்த்திப் புருசனிடம் கேட்டார்.

"முப்பத்தொண்டு எண்டைக்கு?"

கரையோரம் முழுவதற்கும் அது ஒரே நாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அக்கா ஒருவர்தான் அதை எண்ணாமல் இருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை அவருடைய மகள் ஏதோ ஒரு முகாமில் உயிரோடு இருந்தாள்.